சரிவில் நின்ற மாரிஸ்

எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு வந்ததே இல்லை. பிரிக்கிற அளவுக்குச் சொத்து இல்லை என்பது ஒரு காரணம். இருந்த ஒரே சொத்து ஒரு மாரிஸ் மைனர் கார், அதை யாராலும் பிரிக்க முடியாது என்று எல்லோரும் நம்பியது இன்னொரு காரணம். பிரிக்க முடியும், ஏற்கெனவே நன்றாகவே பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாக வைத்திருக்கிறோம் என்பது, அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம்தான் தெரிய வந்தது.

அந்தக் கார் பிரிட்டனிலிருந்து ஒரு பல் மருத்துவரோடு வந்தது. தாத்தா அவருடைய உதவியாளர். இடுக்கிகளை வெந்நீரில் போட்டு எடுப்பதும், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. மருத்துவர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது காரைக் கப்பலில் ஏற்றுகிற அலைச்சலுக்குப் பயந்து, சாவியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தாத்தாவுக்கு மூன்று பையன்கள், கடைக்குட்டியாக ஒரு பெண். மூத்தவனுக்கு வேலை கிடைத்ததும் கார் அவனுடையது, பிறகு வயசு வரிசைப்படி போகும், சண்டை போட்டால் நாலு பேரும் நடக்கலாம் என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வரிசையில் கடைசி ஆள் என் அத்தை. மூத்தவருக்கு வேலை கிடைத்தபோது அவளுக்கு நாலு வயசு.

அத்தை காத்திருந்தாள். அவள் பார்த்த வேலையும் காத்திருக்கிற வேலைதான். பேருந்து நிலையத்தில், மாடிப்படிக்கு அடியில், தவறவிட்ட பொருட்களுக்கென்று ஓர் அறை இருந்தது. பாதிக் கதவு, அதன் மேல் ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் அத்தை. கம்பியில் வரிசையாகத் தொங்கும் குடைகள், ஜோடியைப் பிரிந்த செருப்புகள், கண்ணாடித் தம்ளரில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பல்செட், யாரோ மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மறந்த ஒரு பெரிய மேளம். எதையாவது தொலைத்துவிட்டு முகம் வெளிறி வருகிறவர்களை அவள் முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பாள். அதனால் நிலையத்தில் எல்லோரும் அவளைக் ‘காணோம் அக்கா’ என்பார்கள். வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்குக் காணோம் அத்தை.

அங்கே அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கறுப்புக் குடை என்று சொன்னால் கொடுக்க மாட்டாள். உலகத்தில் பாதிக் குடை கறுப்புத்தான். “காயம் சொல்லுங்க” என்பாள். பொருள் என்று இருந்தால் அதற்கு ஒரு காயம் இருக்கும், அது சொந்தக்காரனுக்குத்தான் தெரியும் என்பது அவள் கட்சி. ஒரு பெரிய மனிதர் சட்டம் பேசி, மேலதிகாரி பெயர் சொல்லி, கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, மூன்றாவது கம்பி பக்கத்தில் தன் மனைவி ஊதா நூலால் தைத்திருப்பாள், அன்றைக்குக் கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது என்று சொன்ன பிறகுதான் குடை கைக்கு வந்தது. யாரும் கேட்டு வராத பொருள் ஒரு வருஷம் கழித்துக் கண்டெடுத்தவருக்குப் போய்விடும். அதை அவள் சந்தோஷமாகவே கொடுப்பாள்.

தாத்தா வீட்டிலேயேதான் அத்தை எப்போதும் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். வற்புறுத்தியவர்கள் என்ன ஆனார்கள் என்று தகவல் இல்லை. வீடு சின்னது, துப்புரவானது. முன்னறையில் ஒரு மேசை, சமையலறையில் ஒரு ஜன்னல், பின்கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாளாக ஒரு நெளிந்த இரும்புக் கம்பி. கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் கம்பிக்கும் சேர்த்து ஒரு பூச்சு விழும். அதில் விரல் நசுங்காத பிள்ளை எங்கள் குடும்பத்தில் கிடையாது.

இனி காரின் கதை. முதலில் பெரியப்பா கையில் இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். அந்தக் காரில் விளக்கு மின்னித் திரும்புகிற வழக்கம் இல்லை. திரும்பும்போது கதவோரத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை நீளும். மின்காந்தம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, இடப்பக்கத்துக் கையை ஒரே ஒரு நாளைக்கு என்று கழற்றிக்கொண்டு போனார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. காரில் அதன் இடத்தில் ஓர் அடிஸ்கேலுக்கு ஆரஞ்சு வர்ணம் பூசி, கயிறு கட்டிவிட்டார். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும்.

பெரியப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் காரை எப்போதும் சரிவில்தான் நிறுத்துவார், மூக்கு கீழே பார்க்கிற மாதிரி. பாட்டரி ஓய்ந்துபோனால் பிரேக்கை விட்டு உருட்டி, ஓட்டத்திலேயே இஞ்சினை எழுப்பிவிடலாம். இந்த மாதிரி கார் வைத்திருக்கும் மற்றவர்கள் இதற்கென்றே காரோடு வந்த கம்பியை முன்பக்க ஓட்டைக்குள் நுழைத்துச் சுற்றி இஞ்சினை எழுப்புவார்கள். அந்தக் கம்பியைப் பெரியப்பா முதல் நாளே தொலைத்துவிட்டார் என்பது குடும்ப வரலாறு. அதை அதிகம் சொன்னவள் அத்தைதான். “பெரியண்ணா கையில குடுத்தா கடலும் காணாமப் போயிடும்” என்பாள். அவர் சிரித்துக்கொள்வார். வாடகை வீடு பார்ப்பதென்றாலும் அவருக்குச் சரிவான தெருதான் வேண்டும். காரைத் தம்பியிடம் கொடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஓய்வு பெற்று எங்கள் ஊருக்கே வந்தபோதும் மேட்டுத் தெருவில்தான் குடியேறினார். பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிற பெரியம்மா, “இவருக்கு வீடு வேணாம், மலை வேணும்” என்று எதிரே வருகிற எல்லோரிடமும் சொல்வார்.

அடுத்து நடுப் பெரியப்பா. ஓட்டல் சமையலறையில் ரொட்டி, சூப் எல்லாம் அவர் கைவண்ணம். பெரிய பாத்திரத்தின் மூடிப் பிடி உடைந்துபோன ஒரு நாள், காரின் கியர் குமிழ் சுடாத பொருளால் ஆனது என்று அவருக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்தது. கழற்றி மூடியில் முறுக்கிவிட்டார். கியர் கம்பிக்கு மாவு உருட்டும் கட்டையின் ஒரு முனையை அறுத்துச் செருகினார். மூன்றாவதாக என் அப்பா. சலூன் திறந்தபோது, முடி வெட்டக் காத்திருப்பவர்கள் உட்கார ஒன்றும் இல்லையே என்று காரின் பின் இருக்கையை முழுதாகக் கழற்றிக் கடைக்குள் போட்டார். காரில் எங்களுக்கு ஒரு மர பெஞ்சு. ஒவ்வொரு திருப்பத்திலும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வழுக்கிப் போவோம். கடைசியில் இருப்பவன் கதி அதோகதிதான். நான் அனுபவித்த எந்த வாகனத்திலும் அந்தச் சுகம் இல்லை.

அப்பாவுக்குக் கண் மங்க, காரை விட்டுக்கொடுத்தார். அத்தை ஓய்வு பெற்ற வாரம் சாவி அவள் கைக்கு வந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பணிமனை ஓட்டுநர்கள் விடுமுறை நாட்களில் அவளுக்குப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால் அந்தக் குட்டிக் காரையும் பேருந்து மாதிரியே ஓட்டினாள். திருப்பம் வந்தால் தெருவின் அந்த ஓரம் வரை போய் வளைந்து வருவாள். நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்த்தால் தானாக வேகம் குறையும். பின்னால் பெஞ்சில் இடமிருக்கிறது, ஏறுங்கள் என்பாள். சிலர் ஏறவும் செய்தார்கள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அப்படி ஆயிற்று. பழைய வண்டிகளையெல்லாம் உடைப்புக்கு அனுப்ப வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. பாரம்பரிய வண்டி என்று சான்றிதழ் வாங்கினால் மட்டும் தப்பலாம். அத்தை காரைத் துடைத்து மினுக்கி எடுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். பரிசோதகர் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஒரு குட்டி டார்ச். காரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்ததும் வாடியது. அடிஸ்கேலின் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். மாவுக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு முன்பக்கம் குனிந்து ஓட்டைக்குள் டார்ச் அடித்தார்.

“இதுக்குள்ள போற கம்பி எங்கம்மா?”

அது இல்லை என்றாள் அத்தை. காரோடு வந்த பொருள்கள் காரில் இருக்க வேண்டும், புதிதாகச் செய்த கம்பியும் செல்லாது, அந்தப் பழைய கம்பியைச் சுற்றி இஞ்சினை எழுப்பிக் காட்டினால்தான் சான்றிதழ், மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார் அவர். சொல்லும்போது அவருக்கே மனசில்லை என்பது தெரிந்தது. அத்தை நேரே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். நிறுத்தங்களில் கூட வேகம் குறையவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எதுவும் தொலையலடா. எல்லாம் எங்கயோ உக்காந்துக்கிட்டு இருக்கு. வா.”

முதலில் அப்பாவின் சலூன். முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர், காத்திருக்கும் இருக்கையில் இருவர். அத்தை அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. காணாமல் போன ஒரு இருக்கை, பழுப்புத் தோல், இடது மூலையில் பேனா மை கொட்டிய கறை, தான் சின்ன வயசில் பரீட்சைக்குப் போன அன்றைக்குக் கொட்டியது என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள். உட்கார்ந்திருந்த இருவரும் குனிந்து இடது மூலையைப் பார்த்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றார்கள். அவர்களே வாசல் வரை தூக்கியும் கொடுத்தார்கள். பெஞ்சு கடைக்குள் போயிற்று.

ஓட்டலில் நடுப் பெரியப்பா கொஞ்சம் முரண்டு பிடித்தார். சூப் கொதித்துக்கொண்டிருக்கிறது, மூடியைத் திறந்தால் ருசி போய்விடும் என்றார். குமிழின் மேல் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு இருக்குமே என்று அத்தை காயத்தைச் சொன்னாள். சமையலறை ஆட்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து, இருக்கிறது, இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாவுக் கட்டையின் முனை மூடிக்குப் பிடியானது. அது இன்னும் நன்றாகப் பொருந்தியது என்பதுதான் வேடிக்கை.

மேட்டுத் தெரு வீட்டில்தான் அத்தைக்குக் கை வரவில்லை. பெரியப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. வாசல் மணியோடு அந்த ஆரஞ்சுக் கையை இணைத்து, தன் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார். யாராவது வந்து பொத்தானை அழுத்தினால் உள்ளே கை எழும்பும். அவர் எழுந்து போய்க் கதவைத் திறப்பார். அத்தை அழுத்தினாள், கை எழும்பியது, கதவு திறந்தது. கேட்க வந்ததைக் கேட்காமல் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கீழே நின்ற காரைப் பார்த்தார், உள்ளே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து தானே கழற்றிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே நான் அங்கே ஒரு சிவப்பு விளக்கு மாட்டிவிட்டு வந்தேன். கை எழும்புகிற அழகு அதற்கு இல்லை என்று அவர் இன்றைக்கும் குறை சொல்வார்.

மிச்சம் இருந்தது கம்பி. பழைய இரும்புக் கடைகளை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். கிடைத்த கம்பிகள் எதுவும் அந்த ஓட்டைக்குப் பொருந்தவில்லை. கெடுவுக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் அத்தை வீட்டுப் பின்முற்றத்தில் கூடினோம். இருக்கை ஏறியது, குமிழ் ஏறியது, ஆரஞ்சுக் கை நீண்டு மடங்கியது. கார் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. அத்தை மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என் முறை வர்ற வரைக்கும் நல்லா ஓடுச்சு,” என்றாள். “என்கிட்ட வந்ததும் போகுது பாரு.”

அவள் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவளுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, சட்டென்று கோபமாகப் பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“எங்க தொலைச்சீங்கன்னு தெரியாது. சரி. அதோட காயமாவது ஞாபகம் இருக்கா பெரியண்ணா? இல்ல, அதையும் தொலைச்சிட்டீங்களா?”

பெரியப்பா குனிந்து காரின் முன்பக்க ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லையோ என்று அப்பா திரும்பச் சொல்லப் போனார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“முழங்கை மாதிரி ரெண்டு மடிப்பு,” என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். “ஒரு முனையில குறுக்கா ஆணி. பிடிக்கிற முனையை அப்பா அரத்தால ராவி உருண்டையா மழுக்கியிருப்பார்.”

“எதுக்கு மழுக்கணும்?”

“நீ அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவ பாப்பா. கன்னத்துல குத்தும்னுதான்.”

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பின்கதவு திறந்து கிடந்தது. அதன் ஓரமாக, பச்சைப் பூச்சு தடித்துப்போய், எங்கள் எல்லோருடைய விரலையும் நசுக்கிய அந்த நெளிந்த தாழ்ப்பாள் சாய்ந்து நின்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

பெரியப்பா வேலைக்குக் கிளம்பிய விடியற்காலையில், காரில் பெட்டியை ஏற்றிவிட்டுக் கம்பியைத் தேடி வந்திருக்கிறார். அது அத்தையின் படுக்கையில் இருந்தது. மெதுவாக எடுக்கப் பார்த்தார்.

“தூக்கத்துலயே இறுக்கிப் பிடிச்ச. காரையே எடுத்துக்கிட்டுப் போறோம், இதையும் எடுக்கணுமான்னு விட்டுட்டேன். அப்புறம் அது எங்க போச்சுன்னு எனக்கும் தெரியாது, உன் மேல பழி விழ வேணாம்னுதான் இத்தனை நாளும் சொல்லல.”

“அப்புறமா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வீட்டுலதானே இருந்துது.”

“கேட்டா நீ குடுத்திருப்ப. அதனாலதான் கேக்கல.”

அத்தை அவரைப் பார்த்தபடியே இருந்தாள். கடல் காணாமல் போகும் என்று சொன்ன வாய் அது. பெரியம்மாதான் குறுக்கே வந்தார்.

“அப்போ நான் காலமெல்லாம் மலை ஏறுனது ஒரு கதவுத் தாழ்ப்பாளுக்காகவா?”

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. பெரியம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அத்தை அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று சொல்ல முடியாது. பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். அதைத் தாழ்ப்பாளாக்கிய தாத்தா அடித்த பூச்சு, அத்தை அடித்த பூச்சு, எல்லாம் உரிந்து விழுந்தன. ஒரு முனையில் ஆணி தெரிந்தது. மறு முனையில் அரம் பட்ட தடம் தெரிந்தது. அத்தை அதைக் கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அலுவலக முகத்தை வரவழைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

“காயம் சரியா இருக்கு. உங்களோடதுதான். எடுத்துக்குங்க.”

“கேட்டு வராத பொருள் யாருக்குப் போகும்?” என்றார் பெரியப்பா.

அவளுடைய சட்டம் அவளையே மடக்கியது. அன்று பின்கதவுக்குக் குறுக்கே ஆரஞ்சு அடிஸ்கேலைச் செருகி வைத்தோம். அதைப் பார்த்துத் திருடன் பயந்திருப்பானோ இல்லையோ, சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

மறுநாள் பரிசோதகர் முன்னால் அத்தை கம்பியை ஓட்டைக்குள் நுழைத்தாள். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வை, இஞ்சின் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும் என்று பெரியப்பா பத்தாவது தடவையாகச் சொன்னார். அவள் கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு இழுத்தாள். கார் இருமியது. இன்னொரு இழுப்பு. உடம்பு குலுங்க எழுந்து, படபடவென்று பேச ஆரம்பித்தது. பரிசோதகர் டார்ச்சைப் பைக்குள் போட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, அணைத்துவிட முடியுமா, நானும் ஒரு தடவை சுற்றிப் பார்க்கிறேன், பரிசோதனைக்குத்தான் என்றார். பரிசோதனை மூன்று தடவை நடந்தது. அதற்குப் பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது.

அத்தை எங்களை ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஓட்டினாள். முன்னால் பெரியப்பா, பின்னால் மைக்கறைப் பக்கத்தில் பெரியம்மா, அவர் பக்கத்தில் நான். யாரும் வழுக்கவில்லை, எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரியப்பா வீட்டைத் தாண்டி மேலே போய், தெரு முனையில் பேருந்து மாதிரி அகலமாக ஒரு வட்டம் அடிக்கத் தொடங்கினாள். திருப்பிக் கொண்டுவந்து, வழக்கம்போல மூக்கைக் கீழே பார்க்க வைத்து நிறுத்துவதற்காக. பெரியப்பா அவள் கையைத் தொட்டார்.

“திருப்பாத பாப்பா. அப்படியே பின்னால இறக்கு. மேல பாத்தே நிக்கட்டும்.”

அத்தை அப்படியே பின்னால் இறக்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, பிரேக்கை இழுத்தாள். பெரியப்பா இறங்கி முன்பக்கம் போய் நின்று, மலை ஏறப் போகிற மாதிரி மேலே பார்த்து நின்ற காரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி அத்தையின் மடியில் இருந்தது.